வீடு ஓர் உரிமை என்று அரசியல் சாசனத்தில் எழுதிவிட்டால் நகரத்தில் என்ன மாறும்?

கேள்வி கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தில் வீடு, தண்ணீர், மருத்துவம் எல்லாம் உரிமை என்று இருக்கிறது, ஆனாலும் ஜோகன்னஸ்பர்க் நகரின் நடுவில் ஆயிரக்கணக்கானோர் இடிந்து விழும் கட்டடங்களில் கிடக்கிறார்கள், அப்படியென்றால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு, சட்டப் பேராசிரியர்கள் அதை வருடக்கணக்கில் ஆராய என்ன இருக்கிறது? மேலோட்டமாகப் பார்த்தால் இது சட்டம் பலிக்குமா பலிக்காதா என்கிற கேள்வி. உள்ளே இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன்: தலைநகரில் எழுதப்பட்ட உரிமை, ஒரு மாநகராட்சி அதிகாரியின் மேஜைக்கு வந்து சேரும்போது அவரை எதைச் செய்ய வைக்கிறது, எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் அரசியல் சாசனச் சட்டம் படித்து, குடியிருப்பவர்களைக் காலி செய்யும் வழக்குகளில் குடியிருப்போர் தரப்பில் பல வருடங்களாக ஆஜராகி வருபவன். தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் வாதாடியவன் இல்லை. அந்த நாட்டைப் பற்றிச் சொல்வதெல்லாம் தீர்ப்புகளையும் ஆய்வுகளையும் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். 1996-ல் இயற்றப்பட்ட அந்த அரசியல் சாசனத்தின் 26-ஆவது பிரிவு எல்லோருக்கும் வீடு கொடு என்று சொல்லவில்லை. போதுமான வீட்டுவசதியை அணுகும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. அடுத்த உட்பிரிவிலேயே, அரசு தன்னிடம் இருக்கும் வளத்துக்கு உட்பட்டு, நியாயமான நடவடிக்கைகள் எடுத்து, படிப்படியாக அதை நிறைவேற்ற வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவது உட்பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் பலரும் 'அப்போ இது வெறும் ஓட்டை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூன்றாவது உட்பிரிவைப் படிப்பவர்கள் குறைவு. எல்லாச் சூழ்நிலைகளையும் கருத்தில் எடுத்து நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழிய, யாரையும் அவர் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது, வீட்டை இடிக்கவும் கூடாது என்கிறது அது. இதில் 'படிப்படியாக' கிடையாது, 'வளத்துக்கு உட்பட்டு' கிடையாது. முதல் நாளிலிருந்தே முழுசாக அமலில் இருக்கும் தடை. நகரத்தில் நடந்த மாற்றத்தில் பெரும்பகுதி இந்த மூன்றாவது உட்பிரிவின் வழியாக வந்ததுதான் என்பது என் கருத்து.

இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் வழக்கு குரூட்பூம். கேப் டவுன் அருகே வாலஸ்டீன் என்ற இடத்தில் தண்ணீர் தேங்கும் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள், வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுச் சிலர் 7 வருடம் வரை காத்திருந்தவர்கள், பொறுக்க முடியாமல் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் நிலத்துக்குப் போய்க் குடியேறினார்கள். 1999 மே மாதம், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே புல்டோசர் வந்தது. குடிசைகள் எரிக்கப்பட்டன, தட்டுமுட்டுச் சாமான்களும் போயின. பழைய இடத்தை அதற்குள் வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள். மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் ஒரு விளையாட்டு மைதானத்தில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் வந்து ஒண்டினார்கள். 2000 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. எழுதியவர் நீதிபதி ஸாக் யாகூப். அரசிடம் நீண்டகால வீட்டுத் திட்டம் இருந்ததை நீதிமன்றம் மறுக்கவில்லை, பாராட்டக்கூடச் செய்தது. ஆனால் தலைக்கு மேல் கூரையே இல்லாமல் இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது என்று தெரியாதவர்களுக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றுமே இல்லை, அதனால் அது நியாயமான திட்டம் ஆகாது என்றது. உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமானது இந்த ஒரு வாதம்தான்.

சரி, அந்த மைதானத்தில் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? தீர்ப்புக்குச் சில நாள் முன்னால் அரசு ஒத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய், கழிப்பறை, கூரைக்கான பொருட்கள். இறுதித் தீர்ப்பில் இருந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே. எந்தத் தேதிக்குள் யார் எதைச் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை, அது நடக்கிறதா என்று நீதிமன்றமே தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடும் இல்லை. வழக்குக்குத் தன் பெயரைக் கொடுத்த ஐரீன் குரூட்பூம் 2008-ல் இறந்தபோது அவருக்குச் சொந்தமாக ஒரு வீடு கிடைத்திருக்கவில்லை. கேள்வி கேட்டவர் மனதில் இருப்பது இந்த மாதிரிச் செய்திதான் என்று நினைக்கிறேன், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இதே தீர்ப்பின் விளைவாக 2004-ல் தேசிய வீட்டுவசதி விதித்தொகுப்பில் அவசரகாலக் குடியிருப்புக்கு என்றே தனி அத்தியாயம் சேர்ந்தது. அது வரவில்லை என்றால், பின்னால் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த பல வழக்குகளில் வழக்கறிஞர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்திருக்காது. அவருக்குக் கிடைக்காதது வேறு பலருக்குக் கிடைத்தது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உரிமை வழக்குகள் இப்படித்தான் வேலை செய்கின்றன, இதில் ஒரு கொடுமை இருக்கிறது, அதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

இப்போது நகராட்சி விஷயத்துக்கு வருகிறேன், ஆராய்ச்சியின் சாரமே இங்கேதான் இருக்கிறது. அந்த நாட்டில் வீட்டுவசதி என்பது மத்திய அரசும் மாகாண அரசும் பகிர்ந்துகொள்ளும் அதிகாரம். கட்டட விதிகள், குடிநீர், கழிவுநீர் இவை நகராட்சியின் கையில். அதனால் மாநகராட்சிக்கு வசதியான ஒரு நிலைப்பாடு கிடைத்தது: கட்டடம் ஆபத்தானது என்று சொல்லிக் காலி செய்ய எங்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் காலியானவர்களுக்கு இடம் கொடுப்பது எங்கள் வேலை இல்லை, மேலே கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க் நகர மையத்தில் இது வழக்கமாகவே ஆனது. 1977-ஆம் வருடக் கட்டடச் சட்டத்தில் ஒரு பிரிவு. அதன்படி நோட்டீஸ் கொடுத்து, போகாவிட்டால் அதையே கிரிமினல் குற்றமாக்கலாம். ஒலிவியா ரோடு வழக்கில், 2008-ல், 400-க்கும் மேற்பட்ட குடியிருப்போரை அப்படி வெளியேற்றப் பார்த்தபோது நீதிமன்றம் இரண்டு விஷயம் செய்தது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அந்தக் கிரிமினல் தண்டனை செல்லாது என்றது. அதற்கு முன்பே, இறுதித் தீர்ப்பு எழுதும் முன்னால், இரண்டு தரப்பும் உட்கார்ந்து அர்த்தமுள்ள பேச்சுவார்த்தை நடத்தி என்ன முடிவானது என்று வந்து சொல்லுங்கள் என்று உத்தரவிட்டது. பேசினார்கள், ஒப்பந்தம் வந்தது, தண்ணீர், கழிப்பறை, குப்பை அகற்றுதல் எல்லாம் உடனடியாக, மாற்றுக் கட்டடம் கொஞ்ச நாளில் என்று முடிவானது.

பேச்சுவார்த்தை என்பது கேட்க மென்மையாக இருக்கும். ஒரு நகராட்சி அதிகாரியின் அன்றாட வேலையில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். காலி செய்யும் மனுவைத் தாக்கல் செய்யும் முன், இந்தக் கட்டடத்தில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை வயதானவர்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள், வெளியே போனால் எங்கே போவார்கள் என்று அவர் ஒரு பட்டியல் எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் மனு நிற்காது. இந்த ஒரு கட்டாயத்துக்கு முன்பு அந்த மக்கள் கோப்பில் இருந்ததே 'சட்டவிரோதக் குடியிருப்போர்' என்ற ஒற்றைச் சொல்லாக. காலி செய்யும் வழக்குகளில் எதிர்த்தரப்பின் பிரமாண வாக்குமூலங்களைப் படித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு கோப்பில் பெயர்களும் வயதுகளும் ஏறிவிட்டால் அந்த வழக்கு வேறு வழக்காகிவிடும். நீதிபதி கேட்கும் கேள்விகள் மாறும், அரசு வழக்கறிஞர் கேட்கும் வாய்தாவின் தொனிகூட மாறும்.

இதைவிடப் பெரிய திருப்பம் 2011 டிசம்பரில் வந்த புளூ மூன்லைட் தீர்ப்பு. சரடோகா அவென்யூவில் ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடம், உள்ளே 86 பேர், தனியார் நிறுவனம் அதை வாங்கி இடித்துக் கட்டப் பார்க்கிறது. மாநகராட்சி தானே காலி செய்யும் கட்டடங்களில் இருப்பவர்களுக்குத் தற்காலிக இடம் கொடுத்து வந்தது. தனியார் முதலாளி காலி செய்தால் தரமாட்டோம் என்றது. வீதியில் நிற்பவருக்கு யார் வெளியேற்றினார்கள் என்பதில் என்ன வித்தியாசம்? நீதிமன்றமும் அதைத்தான் கேட்டது, அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. மாநகராட்சியின் இன்னொரு வாதம் பணம்: இதற்கு நாங்கள் பட்ஜெட்டில் ஒதுக்கவில்லை, மாகாண அரசிடம் கேட்டோம், தரவில்லை. நீதிமன்றத்தின் பதில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்ட ஒன்று, சாரத்தைச் சொல்கிறேன். திட்டமிட்டு ஒதுக்கியிருக்க வேண்டிய ஒன்றுக்கு ஒதுக்கவில்லை என்பது ஒரு பதிலே ஆகாது. இந்த ஒரு வரி, உரிமையை நகராட்சியின் பட்ஜெட் கூட்டத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தது. நிதி இல்லை என்று சொன்னால் போதும் என்றிருந்த நிலை போய், ஏன் இல்லை, யார் எப்போது ஒதுக்காமல் விட்டார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டிய நிலை வந்தது.

இங்கே நிறுத்திவிட்டால் அழகான வெற்றிக் கதை. ஆனால் அதே 86 பேரில் ஒரு பகுதியினர் எங்கே போனார்கள் என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். அவர்களை மாநகராட்சி ஒரு காப்பகத்தில் சேர்த்தது. அந்தக் காப்பகத்துக்கு விதிகள் இருந்தன. காலை 8 மணிக்கு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும், மாலை 5.30-க்குத்தான் திரும்ப வரலாம். ஆண்களுக்குத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை. கணவனும் மனைவியும் ஒன்றாக இருக்க முடியாது, தகப்பன் மகளோடு இருக்க முடியாது. ராத்திரிக் காவல் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வருபவர் பகலில் எங்கே போய்த் தூங்குவார்? உடம்பு சரியில்லாத ஒருவர் மழையில் எங்கே நிற்பார்? நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவர்கள் இந்த விதிகளை எதிர்த்து மறுபடியும் வழக்குப் போட வேண்டியிருந்தது. டிளாட்லா வழக்கு என்று அதற்குப் பெயர். 2017 டிசம்பரில், அதாவது முதல் வெற்றிக்குச் சரியாக 6 வருடம் கழித்து, அந்த விதிகள் மனித மாண்புக்கும் அந்தரங்கத்துக்கும் எதிரானவை என்று தீர்ப்பு வந்தது.

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. சமூக உரிமையின் விதி அரசியல் சாசனத்தின் வரியில் தீர்மானமாவதைவிட, காப்பகத்தின் கதவில் ஒட்டப்பட்ட விதித்தாளில், நகராட்சியின் பட்ஜெட் தலைப்பில், ஒரு வார்டு அலுவலகத்தின் பதிவேட்டில் தீர்மானமாவது அதிகம். அந்தத் தாளுக்கும் சாசனத்தின் வரிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சிக்குரிய பொருள். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் மாரியஸ் பீட்டர்ஸே போன்ற சட்ட அறிஞர்கள் ஜோகன்னஸ்பர்க்கை எடுத்துக்கொண்டு, உரிமை வழக்குகள் நகர நிர்வாகத்தோடு எப்படி உரசுகின்றன என்று வருடக்கணக்கில் எழுதுவது இதனால்தான். நீதிமன்றம் சொன்னது சரியா தவறா என்று அலசுவதோடு நின்றுவிட்டால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. இந்த உரிமைகளுக்குக் குறைந்தபட்ச அளவு என்று ஒன்றை நீதிமன்றம் குறித்துக் கொடுக்க வேண்டுமா? பொருளாதார, சமூக உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1990-லேயே அப்படி ஒரு அளவு உண்டு என்று சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தொடர்ந்து மறுக்கிறது. சோவெட்டோவின் ஃபிரி பகுதியில் ப்ரீபெய்டு தண்ணீர் மீட்டர் பொருத்தியதை எதிர்த்த மஸிபூகோ வழக்கில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு இணைப்புக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அது தீர்ந்தால் காசு போடும் வரை தண்ணீர் நின்றுவிடும். உயர் நீதிமன்றம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் கொடு என்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 42 ஆக்கியது, 2009-ல் அரசமைப்பு நீதிமன்றம் அளவு சொல்வது எங்கள் வேலையே அல்ல என்று இரண்டையும் ரத்து செய்தது. டேவிட் பில்சிட்ஸ் போன்ற சட்ட அறிஞர்கள் இதைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள்: அளவே இல்லாத உரிமை, எதையும் கேட்க முடியாத உரிமை என்று. எதிர்த்தரப்பு சொல்வது, லிட்டர் கணக்கு எடுக்க நீதிபதிக்கு என்ன தகுதி, ஊருக்கு ஊர் தேவை வேறுபடுமே என்று. நான் பில்சிட்ஸ் பக்கம்தான் சாய்கிறேன், ஏனென்றால் குடிசையில் இருப்பவர் 'உன் கொள்கை மொத்தத்தில் நியாயமானதா' என்று வாதாட ஒரு ஆய்வுக் குழுவே தேவைப்படும், 'எனக்கு இவ்வளவு தண்ணீர் வரவில்லை' என்று சொல்ல ஒரு குடம் போதும். ஆனால் எதிர் வாதத்தில் வலு இல்லை என்று சொல்ல மாட்டேன். தோற்ற அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே மாநகராட்சி தன் இலவசத் தண்ணீர்க் கொள்கையைப் பலமுறை திருத்தி ஏழைகளுக்குச் சாதகமாக்கியதை நீதிபதி கேட் ஓரேகன் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். வழக்கு தோற்றது, கொள்கை மாறியது. இதை வெற்றிக் கணக்கில் எழுதுவதா தோல்விக் கணக்கில் எழுதுவதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இன்னொரு சந்தேகம் நிர்வாகத் திறன் பற்றியது. தீர்ப்பு வந்தும் நிறைவேற்றாத ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சியை வழிக்குக் கொண்டுவர, ஹ்லோஃபே வழக்கில் நீதிமன்றம் மேயரையும் நகர மேலாளரையும் வீட்டுவசதி இயக்குநரையும் பதவிப் பெயர் சொல்லி, தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்று உத்தரவை நிறைவேற்றுங்கள் என்று சொல்லும் அளவுக்குப் போனது. 2023 ஆகஸ்ட் 31 அன்று நகர மையத்தில் தீப்பிடித்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்த கட்டடம், மாநகராட்சிக்கே சொந்தமானது. சிலர் உடனே, நீதிமன்றங்கள் காலி செய்யவிடாமல் தடுத்ததால்தான் இந்த நிலை என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்தத் தீர்ப்பும் ஆபத்தான கட்டடத்தில் மக்களை விட்டுவை என்று சொல்லவில்லை. மாற்று இடம் கொடுத்துவிட்டுக் காலி செய் என்றுதான் சொன்னது. தண்ணீரும் தீயணைப்பு வசதியும் கொடுக்காதே என்று யாரும் உத்தரவிடவில்லை. ஆனால் மாற்று இடம் கட்டும் வேகம் வழக்குகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது உண்மை. அதற்கு எவ்வளவு பங்கு பணம், எவ்வளவு பங்கு நிர்வாகச் சீரழிவு, எவ்வளவு பங்கு மனமின்மை என்று பிரித்துச் சொல்வது சட்டம் மட்டும் படித்தவர்களால் ஆகாது, பொது நிதி தெரிந்தவர்களும் கூட உட்கார வேண்டும்.

இந்தியாவோடு ஒப்பிட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு அடிப்படை உரிமைப் பட்டியலில் இல்லை. வாழ்க்கைத்தரம் பற்றிய கடமைகள் வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கின்றன, 37-ஆவது பிரிவின்படி அவற்றை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 21-ஆவது பிரிவின் உயிர் வாழும் உரிமைக்குள் வாழ்வாதாரமும் அடக்கம் என்றது. மேற்கோள் காட்டப்படுவது அந்தப் பகுதி. அதே தீர்ப்பு பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்ற அனுமதித்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மழைக்காலம் முடியும் வரை பொறுங்கள், 1976 கணக்கெடுப்பு அட்டை வைத்திருப்பவர்களுக்கு மாற்று இடம் கொடுங்கள் என்ற அளவில்தான் நிவாரணம். நகராட்சிகளுக்கு அரசமைப்பு அந்தஸ்து கொடுத்த 74-ஆவது திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது, 12-ஆவது அட்டவணையில் குடிசைப்பகுதி மேம்பாடும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் இருக்கின்றன, ஆனால் அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. கடமை எங்கே நிற்கிறது என்று கேட்டால் விரல் நீட்ட இடம் இல்லாமல் போவது இதனால்தான். 2024 நவம்பரில் புல்டோசர் இடிப்புகள் பற்றி உச்ச நீதிமன்றம் 15 நாள் நோட்டீஸ், விசாரணை, அதிகாரியின் தனிப்பொறுப்பு என்று விதிகள் வகுத்தது, முக்கியமான படிதான். ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் இருக்கும் கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. நகரத்து ஏழைகளில் பலர் குடியிருப்பது அங்கேதான்.

இதில் ஆராய்ச்சி செய்ய நினைத்தால், குரூட்பூமில் தொடங்காதீர்கள், எல்லோரும் அங்கே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டிளாட்லாவிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்: காப்பக விதிகள், அதற்கு முன் புளூ மூன்லைட் உத்தரவு, அதற்கு முன் மாநகராட்சியின் பட்ஜெட்டும் வீட்டுவசதிக் கொள்கையும். தீர்ப்பின் காரணங்களைவிட, கடைசிப் பக்கத்தில் இருக்கும் உத்தரவைக் கவனமாகப் பாருங்கள். தேதி இருக்கிறதா, யார் பெயருக்கு உத்தரவு, அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லியிருக்கிறதா என்று. அப்புறம், 'தற்காலிகக் குடியிருப்பு' என்று உத்தரவில் வருகிறதே, அது எத்தனை வருடத்துக்குத் தற்காலிகம், அங்கிருந்து அடுத்து எங்கே போவார்கள் என்பதற்கு அந்த ஊர் நீதிமன்றங்களிடம் இன்னும் தெளிவான பதில் கிடையாது. புதிதாக ஒருவர் கையில் எடுக்கத் தகுந்த கேள்வி அதுதான் என்பது என் எண்ணம்.